கால் பார்த்த கோப்ரல்

முதல் முறை முகாமுக்குப் போனபோது என் பையில் ஆறு ஜோடி சாக்ஸ், ஒரு டின் பவுடர், கோடாலித் தைலம், மனைவி ஜிப் பிளாஸ்டிக்கில் போட்டுக் கொடுத்த சின்னப் புதிய ஏற்பாடு, மகன் வரைந்த ஒரு படம் எல்லாம் இருந்தன. படத்தில் நான் துப்பாக்கியோடு நிற்கிறேன். துப்பாக்கி என்னைவிட நீளம். மகனுக்கு அப்போது ஏழு வயது. நான் வண்டியில் ஏறுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். “அப்பா, நீங்க யாரையாச்சும் சுடுவீங்களா?”

“இல்லடா, அட்டையைத்தான் சுடுவோம்” என்றேன்.

நான் சொன்னது குறிபார்க்க நட்டு வைக்கும் அட்டையை. அவன் நினைத்தது தோட்டத்தில் காலில் ஏறும் அட்டையை. “அதுக்கு உப்பு போட்டா போதுமே, எதுக்குச் சுடணும்?” என்றான். வண்டி கிளம்பிவிட்டது. விளக்க நேரமில்லை.

இதெல்லாம் எட்டு வருடத்துக்கு முன்பு. நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். செம்பனை ஆலை ஒன்றில் ஃபிட்டர் வேலை. வார நாளில் கியர்பாக்ஸ், வார இறுதியில் அஸ்கார் வத்தானியா, ஞாயிற்றுக்கிழமை தமிழ் மெதடிஸ்ட் ஆராதனை. வத்தானியா என்றதும் நம் ஆட்கள் பெரும்பாலும் “ஓ, ரேலாவா?” என்பார்கள். ரேலா வேறு, அது உள்துறை அமைச்சின் கீழ் இருக்கும் தொண்டர் படை. வத்தானியா இராணுவத்தின் சேமப் படை, 1958இல் தொடங்கியது. சிங்கப்பூர்போல இங்கே கட்டாயம் எதுவும் இல்லை. நாமே போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் உள்ளூரில் வார இறுதிப் பயிற்சி, வருடத்துக்கு ஒரு முறை இரண்டு வாரம் போல முகாம். மற்ற நாளில் எல்லாரும் லாரி ஓட்டுபவர், கிராணி, வாத்தியார், என்னை மாதிரி ஃபிட்டர்.

ஏன் சேர்ந்தாய் என்று கேட்டால் நேரான பதில் என்னிடம் இல்லை. பாதிக் காரணம் வேலை இடத்து மலாய் நண்பர். “வாயேன், வயிறாவது குறையும்” என்று இழுத்துப் போனார். மீதிக் காரணம் தாத்தா.

எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி சொல்ல வேண்டும். 1948 ஜூன் 16ஆம் தேதி, சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் ஒன்று எல்பில் தோட்டம். அதன் பிறகுதான் அவசரகாலம் வந்தது, 1960 ஜூலை 31 வரை பன்னிரண்டு வருடம் நீடித்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி, இருட்டினால் ஊரடங்கு, அரிசிக்குக் கணக்கு. தாத்தா பகலில் ரப்பர் பால் வெட்டினார், ராத்திரியில் ஹோம் கார்ட் என்று ஒரு ஷாட்கன்னோடு வேலியோரம் நின்றார். அதைப் பற்றி அவர் பேசவே மாட்டார். ஒரே ஒரு முறை, நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, “வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவனும் நம்ம கூட வேலை பாத்தவன்தான்டா” என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் என்னைவிட்டுப் போகவே இல்லை.

சரி, வீட்டு விஷயம். சேர நினைக்கும் குடும்பக்காரர்கள் இதைக் கொஞ்சம் கேளுங்கள். முகாம் தேதி தெரிந்த அன்றே மேலாளரிடம் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். நான் முதல் வருடம் கடைசி வாரத்தில் கொடுத்து, “ஷட்டவுன் நேரத்தில் போகிறாயே” என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான். அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்குப் பயிற்சிக்கென்று பதிவில் சேராத விடுப்பு உண்டு. நம்மைப் போல தனியாரில் இருந்தால் ஆண்டு விடுப்பையும் சம்பளமில்லா விடுப்பையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. மணிக்கணக்கில் அலவன்ஸ் உண்டுதான். ஆனால் அதை நம்பி வீட்டுச் செலவைப் போடாதீர்கள். கிளம்புவதற்கு முன் கேஸ் தோம்பை மாற்றி, பிள்ளைகளின் வேன் காசைக் கொடுத்து, கரண்டு பில்லைக் கட்டிவிடுங்கள். நான் இல்லாத முதல் வாரமே எங்கள் கேஸ் தீர்ந்துபோனது. மனைவி கைக்குழந்தையோடு தோம்பைத் தள்ளிக்கொண்டு போன கதையை இன்றைக்கும் சாப்பாட்டு நேரத்தில் கேட்கிறேன்.

இனித் துப்பாக்கி. எங்களுக்குக் கொடுத்தது எம்16ஏ1. குண்டு போடாமல் மூன்று கிலோகூட வராது, ஒரு அரிசிப் பொட்டலத்தைவிட லேசு. ஃபிட்டர் என்பதால் பிரித்துப் பூட்டுவது எனக்குப் பிடித்துப்போனது. பொன்சோவை விரித்து, கழற்றும் வரிசையில் இடமிருந்து வலமாக அடுக்கி, பூட்டும்போது வலமிருந்து இடமாக வர வேண்டும். ஆலையில் நாங்கள் செய்வதும் இதுதான். அந்தத் திமிரில் இரண்டாவது நாளே ஒரு சின்ன ஊசியைத் தொலைத்தேன். ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்தும் ஊசி அது, பார்க்கப் பெண்கள் தலையில் செருகும் ஹேர்பின் மாதிரி இருக்கும். அது கிடைக்காமல் யாரும் சாப்பிடப் போக முடியாது. ஒன்பது பேர் லாலான் புல்லில் மண்டியிட்டுத் தேடினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அது என் சட்டை மடிப்பிலேயே இருந்தது. சார்ஜன் திட்டவில்லை, பார்த்தார். திட்டியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல், நான் இடதுகைக்காரன். ஏ1 ரகத்தில் காலித் தோட்டா வலது பக்கமாகத் தெறிக்கும். அதைத் தடுத்துத் திருப்பிவிடும் மேடு பின்னால் வந்த ஏ2வில்தான் உண்டு. இடது தோளில் வைத்துச் சுட்டால் சூடான பித்தளை கண்ணுக்கு முன்னாலேயே பறக்கும். என் இரண்டாவது குண்டின் காலித் தோட்டா கன்னத்தில் பட்டு, காலருக்குள் விழுந்து, நெஞ்சுவரை இறங்கியது. துப்பாக்கியைக் கீழே போட்டுக் குதிக்கத்தான் உடம்பு சொன்னது. ஆனால் சுடுதளத்தில் அதைச் செய்தால் வாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. படுத்தபடியே, துப்பாக்கி முன்னால் பார்த்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு கையை மட்டும் தூக்கினேன். இரண்டு வாரத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று கோப்ரல் பிறகு சொன்னார். இடதுகைக்காரர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சட்டைக் காலரை மூடிப் பொத்தான் போடுங்கள். வலது தோளில் பழகுங்கள், கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பழகிவிடும். காதுக்கு அடைப்பான் கட்டாயம் வேண்டும். சிகரெட் பஞ்சைப் பிய்த்து வைத்துக்கொள்கிற வீரம் எல்லாம் வேண்டாம். நாற்பது வயதில் மனைவி கூப்பிடுவது கேட்காமல் போகும். அது ஒரு வகையில் வசதி என்பவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கட்சி இல்லை.

அதுவரை வட்டம் போட்ட அட்டையைத்தான் சுட்டோம். கடைசி நாளில் மனித உருவம் வரைந்த பலகை வைத்தார்கள். மகனிடம் சொன்ன அட்டை இதுவும்தான். ஆனால் இதற்கு முகம் இருந்தது. எனக்குத் தாத்தாவின் வாக்கியம் ஞாபகம் வந்தது. விரல் ஒரு நிமிடம் நின்றது. பிறகு சுட்டேன். ஐந்தில் மூன்று பட்டது. பக்கத்தில் படுத்திருந்தவர் சந்தோஷமாகத் தோளில் தட்டினார். எனக்குச் சந்தோஷமும் வந்தது, சந்தோஷம் வந்ததைப் பற்றி ஒரு பயமும் வந்தது.

வீடு திரும்பியதும் பாஸ்டரிடம் போனேன். ஆறாம் கட்டளை கொலை செய்யாதே என்கிறது, நான் வருடா வருடம் போய் அதற்குப் பயிற்சி எடுக்கிறேனே, இது சரியா என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை, தேநீர் போட்டார். பிறகு லூக்கா மூன்றாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். போர்ச்சேவகர்கள் யோவான் ஸ்நானனிடம் போய் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடம். யோவான் அவர்களிடம் வேலையை விடு என்று சொல்லவில்லை. யாரையும் மிரட்டாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்று இரு என்கிறார். “கையில் ஆயுதம் இருப்பவனுக்கு என்ன சோதனை வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது” என்றார் பாஸ்டர். நான் இடதுகைக்காரன் என்று தெரிந்ததும் நியாயாதிபதிகள் புத்தகத்திலிருந்து ஏகூத்தையும், கவண் வீசுவதில் குறி தப்பாத எழுநூறு இடதுகைக்காரப் பென்யமீனரையும் இழுத்துப் பத்து நிமிடம் சிரித்தார்.

என் கேள்விக்கு முழுப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நம்பிக்கையின் பேரில் ஆயுதமே தொட மாட்டேன் என்கிற கிறிஸ்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் முன்னால் வாதாட எனக்கு வாய் வராது. ஒன்று மட்டும் சொல்ல முடியும். இந்த எட்டு வருடத்தில் நான் ஒரு உயிர்மேல் குறிவைக்க வேண்டி வரவில்லை, ஆனால் யாரையும் மிரட்டாதே என்ற பகுதி வாரத்துக்கு இரண்டு முறை என் வீட்டுக் கூடத்திலேயே வந்து நின்றது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் கோப்ரல். பகலில் ஸ்கூல் பஸ் ஓட்டுபவர், ஐம்பதை நெருங்கிய மலாய்க்காரர், குரல் மட்டும் தோட்டத்துச் சங்குபோல. முகாமின் ஐந்தாம் நாள் ராத்திரி நடை. மழை வேறு. செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்து ஆற்றோரமாக வந்து முடித்தபோது மணி இரண்டு. எனக்குக் குதிகாலில் நெருப்பு. ஆனால் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வயசில் பொடியன்களுக்கு நடுவே கால் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? பாஷா என்று நாங்கள் சொல்லும் சின்னக் கூடாரத்துக்குள் சுருண்டு படுத்துவிட்டேன்.

“புக்கா காசுட்” என்று ஒரு குரல். சப்பாத்தைக் கழற்று. கோப்ரல் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு என் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். சாக்ஸை அவரே உருவினார். என் காலைத் தன் தொடைமேல் வைத்து, விரல்களுக்கு இடையில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். குதிகாலில் ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம். கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தி என் முகத்தைப் பார்த்தார். “சாக்கிட்?” வலிக்கிறதா? இல்லை என்று தலையாட்டினேன். அவர் மறுபடி அழுத்தினார். நான் கத்திவிட்டேன். பக்கத்துப் பாஷாவில் சிரிப்பு.

அவர் சிரிக்கவில்லை. இன்று நீ மறைத்தால் நாளைக்கு உன்னைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அவர்கள் பையைத் தூக்க இன்னும் இரண்டு பேர் என்றார். தோலை உரிக்காமல், சுத்தம் செய்து, ஒட்டுப் போட்டார். எல்லாருடைய காலையும் பார்த்து முடித்த பிறகுதான் தன் பூட்ஸைக் கழற்றினார். அவர் குதிகால் என்னுடையதைவிட மோசம். இயேசு சீடர்களின் காலைக் கழுவும் யோவான் பதின்மூன்று நினைவுக்கு வராமல் இருக்குமா? பெரிய வியாழன் ராத்திரி எங்கள் சபையில் பேசினும் துண்டுமாக நடப்பது, இங்கே டார்ச்சும் பவுடருமாக நடந்தது. அவரிடம் சொன்னால் என்ன நினைப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

கால் விஷயத்தில் அன்று கற்றது இன்றுவரை மாறவில்லை. பூட்ஸ் அரை அளவு பெரிதாக இருக்கட்டும், மெல்லிய சாக்ஸ் ஒன்று, அதன்மேல் தடித்தது ஒன்று. சூடு தட்டுகிற அந்த முதல் நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள், கொப்புளமாகும்வரை காத்திருந்தால் வேலைக்கு ஆகாது. நனைந்த பூட்ஸை நெருப்பருகில் வைத்தால் தோல் வெடிக்கும், பழைய பேப்பரைத் திணித்து நிழலில் வைத்து ராத்திரிக்கு ஒரு முறை பேப்பரை மாற்றுங்கள். அட்டை ஏறாமலிருக்க நம் தோட்டத்து உப்புக் கைவைத்தியம் உண்டு. ஆனால் கடித்துக்கொண்டிருப்பதைப் பிடித்து இழுக்காதீர்கள், நகத்தை அடியில் கொடுத்து வழித்து விடுங்கள்.

வியாழக்கிழமை ராத்திரி மலாய் நண்பர்கள் குர்ஆனின் யாசின் அத்தியாயத்தை ஓத, சுராவ் என்கிற சின்னத் தொழுகைக் கூடத்துப் பக்கம் போவார்கள். இந்து நண்பர் இருவர், சரவாக்கிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் ஈபான் ஒருவர், நான், நாலு பேரும் காவல். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு மணி நேரம் கேட்டேன், கொடுத்தார்கள். சாப்பாட்டுக் கூடாரத்தின் பின்னால் ஈபான் நண்பர் ஈபான் மொழியில் ஜெபிக்க, நான் தமிழில் ஆமென் போட்டேன். யார் என்ன சொன்னோம் என்று இருவருக்கும் தெரியாது. அந்த நேரம் என் காவலைப் பார்த்துக்கொண்டது கோப்ரல்தான். கேட்டால் கொடுப்பார்கள். கேட்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. மாட்டிறைச்சி சாப்பிடாத நண்பர்களுக்கும் இதையே சொல்வேன், முதல் நாளே சமையல் பக்கம் சொல்லிவிடுங்கள், முட்டையோ மீனோ ஒதுக்கி வைப்பார்கள்.

இப்போது வீட்டுக் கூடம். முகாமிலிருந்து வந்தவன் கொண்டுவந்தது கோப்ரலின் டார்ச்சை அல்ல, அவர் சத்தத்தைத்தான். “ஐந்து நிமிஷம்!” “சப்பாத்து வரிசையா இருக்கணும்!” “செடியா!”, அதாவது விறைத்து நில். முதலில் மகனுக்கு அது விளையாட்டு. விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பான், தங்கை கைகொட்டுவாள். பத்து வயசில் விளையாட்டு தீர்ந்தது. பன்னிரண்டில் பேச்சும் குறைந்தது. எதற்குக் காரணம் சொன்னாலும் “சாக்கு சொல்லாதே” என்று வெட்டிவிடுவேன். “முகாம் முடிஞ்சிருச்சுங்க, பூட்ஸைக் கழட்டுங்க” என்று மனைவி எத்தனையோ முறை சொன்னாள். ஒழுங்கு வேண்டாமா என்பேன். ஒரு முறை கை ஓங்கியும் விட்டேன். அடிக்கவில்லை. ஆனால் அவன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த மூடிய கண் எனக்கு மறக்கவில்லை.

போன வருடம் நான் முகாம் முடிந்து வந்த மறுநாள், பள்ளி விட்டு வந்தவன் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். என்ன என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றான். நான் முப்பத்து மூன்று வயதில் தலையாட்டிய அதே ஆட்டல். ராத்திரி அவன் படுத்த பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். விழித்துக்கொண்டான், காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். “சும்மா இரு, பார்க்கிறேன்.” பெருவிரல் நகம் கறுத்துப் போய், ஓரத்தில் சீழ். சுண்டுவிரல் மடங்கிப் புண்ணாகியிருந்தது. வெளியே போய் அவன் கறுப்புச் சப்பாத்தை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் நம்பர். மறுநாள் கடையில் அளந்தபோது அவனுக்கு ஒன்பது வேண்டியிருந்தது.

“எப்பலேருந்து?”

“ரெண்டு மாசமா.”

“ஏன் சொல்லல?”

கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தான். “சாக்குன்னு சொல்வீங்கன்னு.”

என்னிடம் பதில் இல்லை. வெந்நீரில் உப்புப் போட்டு வந்து காலை அதில் வைத்தேன். காலையில் கிளினிக்குக்குப் போனோம், பிறகு சப்பாத்துக் கடைக்கு. திரும்பும் வழியில் கோப்ரல் கதையை முதன்முறையாக முழுசாகச் சொன்னேன், நான் கத்தினதையும் சேர்த்து. அந்த இடத்தில் சிரித்தான். “அப்ப நீங்களும் பொய் சொன்னீங்க” என்றான். ஆமா என்றேன்.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். போன வாரம்கூடக் கழுவாத சாப்பாட்டுத் தட்டுக்காக ஒரு கத்தல் நடந்தது. ஆனால் ஞாயிறு ராத்திரி பிள்ளைகளின் சப்பாத்தை நான்தான் எடுத்துப் பார்க்கிறேன். உள்ளே விரலை விட்டு, முன்பக்கம் இடம் இருக்கிறதா, தையல் பிரிந்திருக்கிறதா என்று. மகளுக்கு இது வேடிக்கை. மகன் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் சப்பாத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறான்.

மனைவிக்கு இப்போது வேறு கவலை. 2004இலிருந்து 2018 வரை இருந்த தேசிய சேவைப் பயிற்சி 2025இல் 45 நாளாக மறுபடி தொடங்கியிருக்கிறது. இவன் படிப்பு முடிக்கும்போது பெயர் வருமோ, வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறாள். வந்தால் போகட்டும், கால் வலித்தால் முதல் நாளே சொல்லச் சொல், இடதுகைக்காரன் என்பதையும் சொல்லச் சொல் என்றேன். அவனும் இடதுகைதான்.

அடுத்த மாதம் எனக்கு முகாம். இன்னொரு முறை கையெழுத்துப் போடுவேனா என்று தெரியவில்லை, முட்டி முன்போல இல்லை. மேலாளருக்குக் கடிதம் கொடுத்தாகிவிட்டது, கேஸ் தோம்பு இரண்டாக வாங்கி வைத்துவிட்டேன். நேற்று ராத்திரி பையை அடுக்கிக்கொண்டிருந்தபோது மகன் வந்து நின்றான். சாக்ஸை எண்ணிப் பார்த்தான், பவுடரை ஆட்டிப் பார்த்தான். அப்புறம் அடுக்களைக்குப் போய் ஒரு பொட்டலம் உப்பை எடுத்து வந்து பக்கப் பையில் செருகினான்.

“அட்டைக்கு” என்றான்.